மாடியும் கீழும் ஒரே வீடு, மூன்று கணினிகள், ஒன்றுக்கொன்று தெரியவில்லை

மாடிப்படி:

வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீடு கீழும் மாடியுமாக இரண்டு தளம். கீழே முன்னறையில் அப்பா கணக்கு எழுதுகிறார். நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பதுதான் அவர் வேலை, கணினி விண்டோஸ் 10 போட்ட டெஸ்க்டாப். மாடியில் என் மனைவி கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறார், அவரிடம் விண்டோஸ் 11 மடிக்கணினி. என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) போட்டு மகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அப்பா மேசைக்குப் பக்கத்தில் ஒரு லேசர் பிரிண்டர், அதிலும் வைஃபை உண்டு.

ஃபைபர் பெட்டி கீழே இருக்கிறது. அதன் வைஃபை கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே சரியாக வராததால் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ரவுட்டர் வாங்கி, பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் மாட்டினோம். இரண்டு தளத்திலும் இணையம் நன்றாக வருகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் மாடிக் கணினியில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் கீழே உள்ள கணினி இல்லை. கீழிருந்து பார்த்தால் மாடி இல்லை. பிரிண்டரும் மாடிக்குத் தெரிவதில்லை.

அதனால் எல்லாம் பென் டிரைவில்தான் போகிறது. படிக்கட்டுச் சுவரில் ஒரு ஆணி அடித்து, நாடா கட்டிய 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம். ஒரு கல்யாணத்துக்குப் படங்கள் 40 ஜிபி வரும், இடம் அதிகம் என்பதால் அதை அப்பா கணினியில்தான் இறக்குகிறோம். மனைவி மூன்று நடை ஏறி இறங்கி மேலே கொண்டுபோகிறார். அது கூடப் பரவாயில்லை. போன மாதம் அப்பா தன் கணக்குக் கோப்புறையை அதே பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறார், அப்புறம் திரும்பப் போடும்போது பழையது புதியதன் மேல் ஏறிவிட்டது. மூன்று நாள் பதிவு போய்விட்டது. பில் கட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஏற்றினார். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இருக்கிற பொருளை வைத்தே மூன்று கணினியையும் பிரிண்டரையும் ஒன்றாக இணைக்க முடியுமா? இன்னொன்று, அப்பா கேட்கச் சொன்னார்: படங்களை வைஃபையில் அனுப்பினால் நெட் பேக் தீர்ந்துவிடாதா?

கம்பிச்சுருள்:

முதலில் அப்பாவின் கேள்வி. தீராது. வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ரவுட்டரோடு நின்றுவிடும், வெளியே போவதே இல்லை. ஃபைபர் அறுந்து இணையமே இல்லாத நாளிலும் அது வேலை செய்யும்.

மற்றதைச் சொல்வதற்கு முன் எனக்கு இரண்டு விவரம் வேண்டும். விண்டோஸ் இரண்டிலும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் கொடுத்து ஐபி எண்ணும் (நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் முகவரி) கேட்வே எண்ணும் (அதற்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரி) என்ன வருகிறது என்று எழுதுங்கள். பிரிண்டரின் ஐபியையும் அதன் மெனுவில் பார்த்து, மாடியிலிருந்து அதற்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். கீழிருந்து மாடிக்கும் ஒரு பிங். மேலே வரும் கேபிள் ரவுட்டரில் எந்தத் துளையில் செருகியிருக்கிறது, தனி நிறத்தில் இருப்பதிலா, மற்ற நாலில் ஒன்றிலா?

மாடிப்படி:

மாடி மடிக்கணினி 192.168.0.103, கேட்வே 192.168.0.1. கீழே டெஸ்க்டாப் 192.168.1.5, கேட்வே 192.168.1.1. பிரிண்டர் 192.168.1.7. ஆச்சரியம், மாடியிலிருந்து பிரிண்டருக்குப் பிங் போகிறது, பதில் வருகிறது! கீழிருந்து மாடிக்குப் பதில் இல்லை. கேபிள் நீல நிறத் துளையில் இருக்கிறது.

வடக்குவீதி:

அந்தப் பழைய ரவுட்டரைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு மெஷ் செட் (ஒன்றோடொன்று கம்பியில்லாமல் பேசி வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் பெட்டிகள்) வாங்கிப் போடுங்கள் சார், தலைவலி இருக்காது. அப்புறம் நெட்வொர்க்கில் கணினி தெரியவில்லை என்றால் விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் எஸ்எம்பி 1 (கோப்பு பகிர்வதற்கான பழைய முறை) என்று இருப்பதை டிக் செய்யுங்கள். எங்கள் கடையில் நான்கு கணினிகள் அப்படித்தான் உடனே தெரிந்தன.

கணினி ஆய்வகம்:

வடக்குவீதி தம்பி, எஸ்எம்பி 1 மட்டும் வேண்டாம். நான் பள்ளியில் 22 கணினிகள் உள்ள ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். 2017 மே மாதம் வானாகிரை என்ற பணயத் தீம்பொருள் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே அதற்கான திருத்தத்தை வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் அதை நிறுவாமலே விட்டுவிட்டார்கள். ஒரு காரணத்தோடு மூடிய கதவை, பட்டியலில் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காகத் திறக்கக் கூடாது. அதுவும் ஜிஎஸ்டி கணக்கு இருக்கிற கணினியில்.

பெயர் தெரியாவிட்டால் வேறு வழி இருக்கிறது. சர்வீசஸ் பட்டியலில் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்று ஒன்று இருக்கும், அதைத் தானாகத் தொடங்கும்படி வைத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று நேராக அடித்தால் போதும். அந்தப் பட்டியல் வெறும் பெயர்ப்பலகைதான்.

கம்பிச்சுருள்:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. மெஷ் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மாடிப்படி சார், உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. மாடியில் மூன்றாவது எண் 0, கீழே 1. உங்கள் வீட்டில் ஒரு நெட்வொர்க் இல்லை, இரண்டு இருக்கின்றன. மாடி ரவுட்டர் ஒரு தனி வீடு மாதிரி நடந்துகொள்கிறது. அதன் கதவு உள்ளிருந்து வெளியே மட்டும் திறக்கும். அதனால்தான் மாடியிலிருந்து கீழே பிரிண்டருக்குப் பிங் போனது, கீழிருந்து மேலே வர முடியவில்லை. "நான் இங்கே இருக்கிறேன்" என்று கணினிகள் கொடுக்கும் குரல் அந்தக் கதவைத் தாண்டாது, ஆகவே பட்டியலில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இணையம் மட்டும் தடையில்லாமல் வரும். இரண்டு வருஷமாக இது உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம், உங்கள் தவறு இல்லை. ரவுட்டர் மாட்டிக் கொடுக்கிறவர்கள் இணையம் வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது, மாடி ரவுட்டரை ரவுட்டர் வேலையிலிருந்து விடுவித்து வெறும் வைஃபை கம்பமாக மாற்றுவது. அதன் அமைப்புப் பக்கத்தில் (192.168.0.1) ஆப்பரேஷன் மோட் என்று இருந்தால் அதில் ஆக்சஸ் பாயிண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். அப்படி ஒன்று இல்லையென்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் மாடி ரவுட்டரின் லேன் ஐபியை (வீட்டுப் பக்க முகவரி) 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ்ப்பெட்டியின் டிஎச்சிபி (கணினிகளுக்கு ஐபி எண்ணைத் தானாகக் கொடுக்கும் வேலை) வரம்பு 2-இலிருந்து தொடங்கினால் அதை 100-இலிருந்து தொடங்கும்படி முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதே எண்ணை அது வேறு யாருக்காவது கொடுத்துவிடும். ஐபியை மாற்றியதும் தொடர்பு அறுந்து திரும்ப வரும், புதிய எண்ணில் உள்ளே போய் டிஎச்சிபியை அணையுங்கள். ஒரு வீட்டில் எண் கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், அது கீழே உள்ள பெட்டி. கடைசியாக, நீலத் துளையில் இருக்கும் கேபிளைப் பிடுங்கிப் பக்கத்தில் உள்ள நாலில் ஒன்றில் செருகுங்கள். இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு, டிஎச்சிபியை அணைத்ததும் எதுவுமே வரவில்லை என்று பயந்து ரீசெட் செய்கிறவர்கள் அதிகம்.

இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 2 அல்லது 3. அப்போதுதான் மடிக்கணினியைக் கீழே எடுத்து வந்தால் தானாகக் கீழ்ப்பெட்டிக்கு மாறும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும், கீழே 1, மேலே 6 அல்லது 11. இந்த மூன்றும்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை. கெஸ்ட் என்று பெயர் உள்ள வைஃபையில் எந்தக் கணினியையும் சேர்க்காதீர்கள், விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி தடுப்பதே அதன் வேலை. ஐசொலேஷன் என்று ஏதாவது டிக் ஆகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மெஷ் நல்ல பொருள்தான், கேபிள் இழுக்கவே முடியாத வீட்டுக்கு. உங்களிடம் தளத்துக்குத் தளம் கேபிள் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஒரு கேபிள் உங்கள் வீட்டின் சொத்து, அதை வைத்துக்கொண்டு இன்னொரு பெட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கணினி ஆய்வகம்:

நெட்வொர்க் ஒன்றானதும் விண்டோஸ் பக்கம் சில வேலை இருக்கிறது. இரண்டு கணினியிலும் அந்த வைஃபையின் பண்புகளில் போய் பப்ளிக் என்று இருப்பதை பிரைவேட் என்று மாற்றுங்கள். பப்ளிக் என்றால் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, விண்டோஸ் முகத்தை மூடிக்கொள்ளும். இதை மாற்றாமல் மணிக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

அப்பா கணினியில் முழு டிரைவையும் பகிராதீர்கள். தனியாக ஒரு கோப்புறை, ஆல்பம் என்று வையுங்கள், அதை மட்டும் பகிருங்கள். அதற்கென்று ஒரு உள்ளூர்ப் பயனர் கணக்கு, கடவுச்சொல்லோடு. படிக்கவும் எழுதவும் அந்தப் பயனருக்கு அனுமதி. கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, பின்பற்றாதீர்கள், விண்டோஸ் 11 ப்ரோவின் புதிய பதிப்புகளில் அப்படித் திறந்து வைத்தால் உள்ளேயே விடாது.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். கணக்குத் தரவை மாடியிலிருந்து வைஃபை வழியாக நேரடியாகத் திறந்து வேலை செய்ய வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் தரவு கெடலாம். பகிர்ந்த கோப்புறை காப்பு நகலும் ஆகாது. ஒரு கணினியில் தீம்பொருள் வந்தால் பகிர்ந்த கோப்புறைக்கும் அது போகும். அப்பாவுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்கள், ஒவ்வொரு முறையும் தேதி போட்ட புதுக் கோப்புறையில் நகல் எடுக்கட்டும், பழையதன் மேல் போடவே கூடாது. எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, அதையும் மனதில் வையுங்கள்.

புதினா:

மகளின் கணினிக்கு நான் சொல்கிறேன். மின்டில் எதுவும் நிறுவ வேண்டாம். கோப்பு மேலாளரில் கண்ட்ரோல் எல் அழுத்தி எஸ்எம்பி://192.168.1.5 என்று (எஸ்எம்பி மட்டும் ஆங்கில எழுத்தில்) கொடுத்தால் பயனர் பெயர் கேட்கும், அக்கா சொன்ன அந்தக் கணக்கைக் கொடுங்கள், டொமைன் இருக்கிற இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பிடித்திருந்தால் புக்மார்க் செய்துவிடலாம், பக்கப் பட்டையில் ஒரு கோப்புறை மாதிரியே நிற்கும். தமிழில் பெயர் வைத்த கோப்புகள் இரண்டு பக்கமும் ஒழுங்காகத் தெரியும். மின்டிலிருந்து மற்றவர்களுக்குப் பகிர வேண்டுமானால்தான் சம்பா என்ற பகிர்வு மென்பொருள் தேவை, அதற்கு லினக்ஸ் கடவுச்சொல்லை விடத் தனியாக ஒன்று வைக்க வேண்டும்.

மாடிப்படி:

நேற்று ஞாயிறு, உட்கார்ந்து செய்தேன். ரவுட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் இல்லை, கையால்தான் மாற்றினேன். இப்போது மூன்றும் 192.168.1-இல். கெஞ்சாமல் கொஞ்சாமல் பிரிண்டர் மாடியில் தானாக வந்துவிட்டது! மகள் முதல் வேலையாகப் பள்ளிக்கூடக் கட்டுரையை மேலிருந்து அச்சடித்துவிட்டுக் கீழே ஓடி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு இடத்தில் நின்றேன். ஒன்று, தனிப் பயனர் கணக்கு உருவாக்குவதற்கு முன் அப்பாவின் கணக்கை வைத்தே முயன்றேன், அவர் தினமும் அடிக்கிற நாலு எண் பின்னைக் கொடுத்தால் தவறு தவறு என்கிறது. இரண்டாவது வேகம். 40 ஜிபி கல்யாணத்தை அனுப்பிப் பார்த்தேன், வினாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவே இல்லை, ஒரு மணி நேரம் ஆனது. மடிக்கணினி ரவுட்டருக்கு அருகில், 5 ஜிகாஹெர்ட்ஸில்தான் இருந்தது. டெஸ்க்டாப்பும் ஃபைபர் பெட்டிக்கு இரண்டடியில் இருப்பதால் அதை வைஃபையிலிருந்து எடுத்துக் கேபிளில் போட்டுவிட்டேன்.

கணினி ஆய்வகம்:

அந்த நாலு எண் பின், கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வரும்போது கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் செல்லும். அதனால்தான் தனிக் கணக்கு வைக்கச் சொன்னேன்.

கம்பிச்சுருள்:

11 எம்பி என்ற எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வருகிறது. 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட், எட்டால் வகுத்தால் 12.5 எம்பி, கழிவு போக 11 சொச்சம். வைஃபை இப்படி ஒரே எண்ணில் ஆடாமல் நிற்காது, ஏறி இறங்கும். எங்கேயோ ஒரு கம்பி 100-இல் ஓடுகிறது. மாடி ரவுட்டரின் துளைகள் ஜிகாபிட்டா என்று பாருங்கள், பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அது இரண்டு வைஃபை வேகத்தையும் கூட்டிய எண்தான், பின்னால் துளைகள் 100 ஆக இருக்கும் ரவுட்டர்கள் நிறைய உண்டு. ஃபைபர் பெட்டியிலும் அப்படித்தான், சிலவற்றில் ஒரு துளை மட்டும் ஜிகாபிட். அவை சரியென்றால் மாடிக்கு வரும் கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கண்ணாடி மாதிரி பிளக்குக்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்று எண்ணுங்கள்.

மாடிப்படி:

நாலு!! பெட்டி, ரவுட்டர் இரண்டுமே ஜிகாபிட்தான். பிளக்கை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் உள்ளே போயிருக்கின்றன. நீலமும் பழுப்பும் உறையோடு சேர்த்து வெட்டிவிடப்பட்டிருக்கின்றன. அன்றைக்குக் கேபிள் இழுத்தவர் இரண்டு முனையிலும் அப்படியே செய்திருக்கிறார்.

கம்பிச்சுருள்:

அதேதான். 100-க்கு நாலு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிள் உறையில் கேட் 5இ அல்லது 6 என்று அச்சடித்திருந்தால் கேபிளை மாற்ற வேண்டாம், முனையை மட்டும் மாற்றுங்கள். பிளக்கைக் கம்பியில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி பக்கத்துக் கணினிக் கடையில் இருக்கும். பிளக்கின் கொக்கி கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையும் இதே வரிசை. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள், வெளி உறை பிளக்கின் பல்லுக்குள் போய் உட்கார வேண்டும், இல்லையென்றால் இழுவை எல்லாம் மெல்லிய கம்பியில் விழுந்து ஆறு மாதத்தில் ஒன்று விட்டுப்போகும்.

வடக்குவீதி:

அக்கா, எங்கள் கடையில் நான்கு கணினியிலும் எஸ்எம்பி 1-ஐ எடுத்துவிட்டேன். முகவரி அடித்தே திறக்கிறது, ஒரு குறையும் இல்லை. இத்தனை நாள் திறந்தே வைத்திருந்திருக்கிறேன். நன்றி.

மாடிப்படி:

முனை மாற்றியாகிவிட்டது, முதல் தடவை நீலமும் நீல வெள்ளையும் இடம் மாறிப்போய் வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். அதே 40 ஜிபி, அதே இடம், இப்போது 20 நிமிடத்துக்குள் முடிகிறது. மனைவி கீழே உள்ள கோப்புறையைத் திறந்து படத்தை அங்கேயே புரட்டிப் பார்த்து, வேண்டியதை மட்டும் மேலே இழுத்துக்கொள்கிறார்.

அப்பா கணினிக்கு 192.168.1.10, பிரிண்டருக்கு 192.168.1.20 என்று ஃபைபர் பெட்டியிலேயே நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன், எண் மாறி நாளைக்குத் தேட வேண்டாம் என்று. டெஸ்க்டாப் தூங்கிப் போகாதபடியும் வைத்தாயிற்று. வெளி ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது, அப்பா முதல் கோப்புறைக்குத் தேதியைத் தமிழிலேயே அடித்திருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். கரண்ட் போனால் டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இருக்கிறது, பெட்டியும் ரவுட்டரும் அணைந்துவிடுகின்றன. பாதிப் படம் போய்க்கொண்டிருக்கும்போது நின்றுவிடுகிறது.

கம்பிச்சுருள்:

ரவுட்டருக்கென்றே சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் இரண்டு அடாப்டரிலும் பின்பக்கம் அச்சடித்திருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள், சில ரவுட்டர் 9 வோல்ட்டில் ஓடும். பிளக் முனையின் பருமனும் ஒத்துப்போக வேண்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டும் வேண்டும், ஒன்று அணைந்தாலும் வழி அறுந்துவிடும்.